நாத்தனார் முடிச்சு

பெரிய அத்தை, அப்பாவுக்கு மூத்தவள், தொண்ணூறு வயதைத் தாண்டி, போன மாசியில் இறந்தாள். துக்கத்துக்கு வந்து பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள், சித்தப்பா கல்யாணத்தில் தாலி முடிச்சுப் போட வேண்டிய நேரத்தில் அவள் பந்திக்கு ஓடிய கதையைச் சொல்லிச் சிரித்தார்கள். எங்கள் குடும்பத்தில் நாற்பது வருடத்துக்கு மேலாக ஓடுகிற கதை அது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று ஏழு வயதுப் பிள்ளையாக அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான்.

உலகச் சண்டை நடந்தபோது மதுரை மில்களில் பட்டாளத்துக்காக ராத்திரி பகலாக நூல் ஓடியது. ஆள் போதாமல் பெண்களையும் சேர்த்துக்கொண்டார்கள். கீழக்குயில்குடியிலிருந்து விடியுமுன் நடந்து வேலைக்குப் போனவர்களில் அத்தையும் ஒருத்தி. அப்போது அவளுக்குத் தாவணி போடுகிற வயது. நூல் சுற்றும் பிரிவில், அறுந்த நூலைக் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிச்சுப் போடுவது அவள் வேலை. சண்டை முடிந்ததும் பாதிப் பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அத்தை இன்னொரு மில்லுக்குப் போனாள். கடைசித் தம்பியைப் பெற்ற கையோடு தாயார் இறந்துபோக, அந்தப் பிள்ளையை, என் சித்தப்பாவை, வளர்த்ததும் அவள்தான். அப்பாவின் படிப்பு, சின்ன அத்தையின் கல்யாணம் எல்லாம் அவள் சம்பளத்தில் நடந்தது. அவளைப் பெண் கேட்டு வந்தவர்கள், மில்லுக்குப் போகிற பெண் வேண்டாமென்று திரும்பிப் போனார்கள். வீட்டில் அதற்காக யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

மிஷின் சத்தத்தில் அவளுக்குக் காது மந்தமாகிவிட்டது. எல்லோரும் அவளிடம் கத்திப் பேசினார்கள், அவளைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரலைத் தாழ்த்தினார்கள். அவர்கள் மறந்துபோன விஷயம் ஒன்று உண்டு. மில்லுக்குள் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது, உதட்டைப் பார்த்துத்தான் பேச்சு. பஸ் ஸ்டாண்டில் எதிர்ப்பக்கம் சண்டை போடும் புருஷன் பெண்டாட்டி பேச்சை அத்தை எனக்கு வரி விடாமல் சொல்லுவாள்.

கல்யாணம் திருநகரில் ஒரு மண்டபத்தில். தாலியில் முதல் முடிச்சை மாப்பிள்ளை போட, மற்ற இரண்டையும் அவர் உடன்பிறந்தவள் போடுவது வழக்கம். “நீதான்க்கா போடணும்” என்று சித்தப்பாவே கேட்டிருந்தார். கல்யாணமாகாத சின்னப் பெண்கள்கூடப் போடலாம். ஐம்பதைத் தாண்டியும் கல்யாணமாகாதவள் என்றால்தான் சாஸ்திரத்துக்குத் திடீரென்று கண் திறக்கும். அத்தைக்கு இது தெரியாது. தனக்கென்று முதல் தடவையாக ஒரு பட்டுச்சேலை எடுத்துக் கட்டிக்கொண்டு, மேடைக்கு முன்னால் உட்கார்ந்து, கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தாள்.

நாதஸ்வரமும் தவிலும் மண்டபத்தைத் தூக்கிக்கொண்டிருந்தன. அப்பா குனிந்து சித்தப்பாவிடம் ஏதோ சொன்னார். அத்தை மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்து, கையை இழுத்து என் பக்கம் திருப்பி, என்ன பேசுகிறார்கள் என்று பஸ் ஸ்டாண்டில் கேட்பது போல ஆசையாகக் கேட்டேன்.

“தாலி ஏறாதவ கை தாலியில படக் கூடாதுன்னு பொண்ணு வீட்ல சொல்றாகளாம். அவளுக்குத்தான் காது கேக்காதே, ஏதாச்சும் சொல்லிச் சமாளிச்சுக்கிறேன்னு ஒங்கப்பன் சொல்றான்.”

“சித்தப்பா?”

“சின்னக்காவக் கூப்பிடுங்கண்ணேங்கிறான்.”

சொல்லிவிட்டு எழுந்தாள். பசிக்கிறது, வா என்று என் கையைப் பிடித்துப் பந்திக்குக் கூட்டிப்போனாள். எனக்குக் கொண்டாட்டம், முதல் பந்தி. பின்னால் கெட்டிமேளம் கொட்டியது. அத்தை திரும்பிப் பார்க்கவில்லை. தன் இலையிலிருந்த வடையையும் கேசரியையும் எனக்கு வைத்தாள். பிறகு ஒரு பருக்கையைக்கூட வாயில் வைக்காமல் இலையை மூடினாள்.

மாலையும் கழுத்துமாக வந்து சித்தப்பாவும் சித்தியும் அவள் காலில் விழுந்தார்கள். சித்தப்பா எழுந்து அவள் காதருகே கத்தினார்.

“எங்கக்கா போன? அம்புட்டுப் பேரும் ஒன்னயத்தான தேடுனோம்.”

அத்தை அந்த வாயை உற்றுப் பார்த்தாள். “பசி பொறுக்கலப்பா” என்றாள்.

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அத்தை ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லையே என்று நான் ஆரம்பித்தேன். முடிப்பதற்குள் அவள் கை சித்தி சேலைக்குப் பின்னால் வந்து என் தோளுக்குக் கீழே நறுக்கென்று கிள்ளியது. அதற்கு முன் அவள் என்னைத் தொட்டு அடித்ததில்லை. நான் ஓவென்று அழுதேன். தூக்கம் வந்துவிட்டது பிள்ளைக்கு என்றார் சித்தப்பா.

தான் சொன்னது அக்காவுக்குத் தெரியும் என்று தெரிந்துவிட்டால், அவள் வளர்த்த பிள்ளை அப்புறம் அவள் முகத்தைப் பார்த்துப் பேசாது. அதற்குத்தான் அவள் பயந்திருக்கிறாள். எனக்கு அன்று விளங்கியதெல்லாம், உண்மையைச் சொன்னால் கிள்ளு விழும் என்பதுதான்.