மாமனார் ஊருக்குப் போனால் மலரும் பவளம்

காக்ஸ் டவுனில் ஒரு வீட்டுத் தொட்டியில் பவளங்கள் செத்துக்கொண்டிருந்தன. மீன்களுக்கு ஒரு கேடும் இல்லை.

வீடு வீடாகப் போய்க் கடல் தொட்டிகளைக் கவனிப்பது என் தொழில். பவளம் உயிருள்ள பிராணி. எங்கே வலிக்கிறது என்று சொல்லாது. வீட்டுக்காரர்கள் சொல்வார்கள், நிறுத்தவே மாட்டார்கள். நீங்களும் ஹாலில் ஒரு கடலை வைத்துக்கொண்டு தினமும் அதன் முகத்தைப் பார்த்துப் பயப்படுகிறவர் என்றால் மேலே படியுங்கள். மற்றவர்கள் போய் வேலையைப் பாருங்கள்.

மூலைக்குப் போட்டி

தொட்டி பிரான்சிஸுடையது. ஐ.டி. கம்பெனியில் மேனேஜர். நாள் முழுக்கக் கடுகடுத்துவிட்டு வந்து தொட்டிக்கு முன்னால்தான் சிரிப்பார். நீரோட்டத்தில் விரல் விரலாக ஆடும் டார்ச் பவளம் அவருடைய செல்லம். நான் போனபோது அது மூடிய முஷ்டி மாதிரி சுருங்கியிருந்தது. ஓரத்தில் வெள்ளையாக எலும்பு தெரிந்தது. நத்தைகள் மல்லாந்து கிடந்தன.

அவர் மனைவி ஷீலா பள்ளிக்கூட டீச்சர். தொட்டி நிற்கிற மூலையில்தான் முன்பு கிறிஸ்துமஸ் குடில் வைப்பார்களாம். டிசம்பருக்குள் பவளம் தேறாவிட்டால் தொட்டியை விற்றுவிடுவது என்று இருவருக்கும் ஒப்பந்தம். பிரான்சிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஷீலா டீயை வைத்துவிட்டுச் சொன்னார்: "அங்கிள், அவரைச் சும்மா சமாதானப்படுத்தாதீங்க. உள்ளதைச் சொல்லுங்க. எனக்கு அந்த மூலை வேணும்."

விசாரணை

உப்பு சரி. சூடு சரி. மீனுக்கு மருந்து ஏதாவது ஊற்றினீர்களா என்றேன். இல்லை என்றார்கள். ஆவியாகிப் போகும் தண்ணீருக்குப் பதிலாகத் தினமும் நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். அதை யார் ஊற்றுகிறார்கள்? ஷீலாவின் அப்பா ஞானப்பிரகாசம். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மகளும் மருமகனும் வேலைக்குப் போனபின் தொட்டி அவர் ராஜ்ஜியம். "ஆர்.ஓ. தண்ணிதான். குழாய்த் தண்ணி ஒரு சொட்டு கிடையாது. நீர் சொன்னதுதானே?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் சொன்னதுதான்.

சரி, விஷம் காற்றில் வருகிறதோ என்று பார்த்தேன். கொசு மருந்து கூடாது. சாம்பிராணி கூடாது. மேஜைக்குப் பாலிஷ் கூடாது. செண்ட் அடித்துக்கொண்டு ஹாலில் நடக்கக் கூடாது. அடுத்த முறை போனபோது டார்ச் அப்படியே சுருங்கிக் கிடந்தது. வீட்டில் மூன்று பேரும் காலைச் சொறிந்துகொண்டிருந்தார்கள். ஷீலா சொன்னார்: "பவளம் தேறலை அங்கிள். கொசு எல்லாம் நல்லாத் தேறிடுச்சு."

வெற்றி, சில நாட்களுக்கு

விளக்கைக் குறைத்தேன். நீரோட்டம் தரும் பம்பை வேறு பக்கம் திருப்பினேன். அந்தச் சமயம் ஞானப்பிரகாசம் சின்ன மகளைப் பார்க்கத் தங்கவயல் போயிருந்தார். அங்கே திருவிழா, சம்பந்தி வீட்டுச் சாப்பாடு, வரத் தாமதமானது. டார்ச் மெல்ல விரிந்தது. பிரான்சிஸ் மணிக்கொரு போட்டோ அனுப்பினார். எல்லாம் பம்பின் கோணம் என்று நானும் விளக்கம் கொடுத்தேன். நீளமாகவே கொடுத்தேன்.

மாமனார் திரும்பி வந்தார். அடுத்த வாரமே பவளம் மறுபடி சுருங்கியது. பம்பைத் திருப்பினேன். இன்னும் திருப்பினேன். மாமனார் பின்னால் நின்றுகொண்டு, "நேத்து அந்தப் பக்கம், இன்னிக்கு இந்தப் பக்கம். ஃபேன் வாங்கிப் போட்டா தானே சுத்துமே" என்றார். பிரான்சிஸ் என்னைப் பால்கனிக்கு இழுத்துப்போய்க் காதோடு கேட்டார்: "சொல்லக் கூடாது அங்கிள்... எங்க மாமாவைக் கண்டா அதுக்கு ஆகலையோ?"

ஒரு டம்ளர் தண்ணீர்

அன்றைக்கு வெயில். குடிக்கத் தண்ணீர் கேட்டேன். மாமனாரே கொண்டுவந்தார். ஒரு மடக்கு குடித்தேன். பழைய சாவியை நாக்கில் வைத்த மாதிரி இருந்தது.

"என்ன தண்ணி சார் இது?"

"செம்புக் குடத்துத் தண்ணி. சிவாஜிநகர்ல பார்த்துப் பார்த்து வாங்கின குடம். ராத்திரி பூரா அதுல நிக்கும். மூட்டுக்கு நல்லது."

"தொட்டிக்கு?"

"அதுக்கும் இதேதான். ஆர்.ஓ. தண்ணியில என்னய்யா சத்து இருக்கு? சும்னே, சும்மா வெறும் தண்ணி. பாவம், வாயில்லா ஜீவன். அதான் குடத்துல ஊத்தி வெச்சுக் குடுக்கிறேன்."

மீன் கொஞ்சம் செம்பைத் தாங்கும். பவளமும் நத்தையும் தாங்காது. ஆர்.ஓ. தண்ணீரில் வேறு ஒன்றும் இல்லாததால் குடத்துச் செம்பை நன்றாக நக்கி எடுக்கும். அவர் தங்கவயலில் இருந்தபோது பிரான்சிஸ் ஃபில்டரிலிருந்து நேராகப் பிடித்து ஊற்றியிருக்கிறார். பம்பின் கோணத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தொட்டித் தண்ணீரைச் சோதித்துக் காட்டினேன். நிறம் மாறியது. மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு தீர்ப்பு சொன்னார்: "எங்கப்பா கடைசி வரைக்கும் இதைத்தான் குடிச்சாரு. இந்தப் பூச்சிக்கு ஒத்துக்கலைன்னா கோளாறு பூச்சியிலதான்!"

மந்திரித்த வாளி

தண்ணீரை மாற்றினேன். செம்பை உறிஞ்சும் பையைத் தொட்டியில் தொங்கவிட்டேன். கிழவர் விடவில்லை. ஆளில்லாத நேரம் பார்த்துக் குடத்திலிருந்தே ஊற்றினார். பிரான்சிஸ் "மாமா..." என்று ஆரம்பிப்பார். அதற்குமேல் மருமகனுக்கு வாய் வராது. டார்ச்சில் கால்வாசி போய்விட்டது. நவம்பரும் முடியப்போகிறது. பிரான்சிஸ் போனில் விற்பனை விளம்பரம் அடித்து வைத்துவிட்டு, அனுப்ப மனமில்லாமல் உட்கார்ந்திருந்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது. தொட்டிப் பக்கமே வரக் கூடாது என்று கிழவரிடம் கத்தினேன். அவர் கோபித்துக்கொண்டு கிச்சனில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அந்த ஞாயிறு ஷீலா மூடி போட்ட புது பிளாஸ்டிக் வாளியைச் சர்ச் பூசைக்கு எடுத்துப் போனார். பூசை முடிந்ததும் சாமியாரிடம் கொடுத்து மந்திரித்து வாங்கி வந்தார். ஆர்.ஓ. தண்ணீரை நிரப்பி அப்பாவின் முன்னால் வைத்து, "தொட்டிக்கு இதுலேருந்துதான் ஊத்தணும்ப்பா. வேற பாத்திரத்துக்கு மாத்தினா மந்திரிச்சது போயிடும்" என்றார். கிழவர் சிலுவை போட்டுக்கொண்டார். அன்று முதல் வாளிக்கு அவர்தான் காவல். என்னைக்கூடத் தொட விடுவதில்லை. டிசம்பரில் டார்ச் விரிந்தது. முழுதாக அல்ல, பிரான்சிஸ் விளம்பரத்தை அழிக்கிற அளவுக்கு. குடிலைச் செருப்பு அலமாரிக்கு மேலே துணி விரித்து வைத்துவிட்டார்கள்.

மூலை வேண்டும் என்றீர்களே அம்மா என்று ஷீலாவிடம் கேட்டேன். தொட்டிக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்ற அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்: "ஒரு வாரம் கிச்சன்ல உட்கார்ந்து, பருப்பு வேகலை, புளி ஜாஸ்தின்னு உயிரை எடுத்துட்டாரு அங்கிள். தொட்டி இல்லேன்னா வருஷம் பூரா அங்கேதான் இருப்பாரு!"

தண்ணீரில் எதை அளக்கவும் இன்று கருவி கிடைக்கிறது, மாமனாரை அளக்கத்தான் ஒன்றும் வரவில்லை. ஆகவே அந்தப் பவளத்தைப் பிழைக்க வைத்தவர் நான் இல்லை, ஷீலா.