கதவுக்காக மடக்கிய வளைவு

பல்செட்டுக்காரர் என்றால்தான் அந்தத் தெருவில் அவரைத் தெரியும். வாசல் அறையில் கடை, அதற்குப் பின்னால் கூடம், கூடத்தை ஒட்டி அவர் படுக்கிற சின்ன அறை. ஊரில் பாதிப் பேர் வாயில் பல்லை வைத்தவர், தன் வாயைத் திறந்து ஒரு பெண்ணைக் கேட்டதில்லை. யாராவது கல்யாணப் பேச்சை எடுத்தால், "ஈறு ஆறட்டும், அப்புறம் அளவெடுக்கலாம்" என்பார். அந்த ஈறு ஆறுவதற்குள் தலை நரைத்துவிட்டது.

வீட்டில் அவரைத் தவிர இரண்டு பேர். செத்துப்போன அண்ணனின் மனைவி ஒருத்தி, அண்ணன் மகள் ஒருத்தி. மகளுக்கு ஊரார் குரலெல்லாம் தொண்டையில் குடியிருந்தன. உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு, "ஏம்ஃபா, என் ஃபல்லு ஆச்சா? ஃபேத்தியோட ஃபோட்டோ எடுக்கணும்ஃபா" என்று அவள் உள்ளேயிருந்து குரல் கொடுத்தால், கடை பெஞ்சில் காத்திருக்கும் நிஜப் பொக்கைவாய் எழுந்து, "அவருக்கு முன்னாடி வந்தது நான்" என்று சண்டைக்கு நிற்கும். சித்தப்பா இருமுவதையும் செய்வாள், அம்மா பெருமூச்சு விடுவதையும் செய்வாள். அப்பா குரல் மட்டும் அவளிடம் இல்லை. அவர் போனபோது அவள் கைக்குழந்தை.

அப்பா ஓட்டியது கிராமங்களுக்கு நடுவே போய்வரும் கிளைப்பாதை வண்டி. இரண்டே பெட்டி, ஒரே ஓட்டுநர். ஒரு விடியற்காலை, குன்றைச் சுற்றி வரும் வளைவில், நில் என்று சிவப்புக் காட்டிக்கொண்டிருந்த கைகாட்டியைத் தாண்டிப் போய், ஸ்டேஷனில் நின்றிருந்த சரக்கு வண்டியில் மோதினார். விசாரித்தவர்கள், கைகாட்டி தூரத்திலிருந்தே தெரியும், ஓட்டுநர் கண்ணயர்ந்துவிட்டார் என்று எழுதி முடித்தார்கள். சில வருடத்தில் அந்தப் பாதையையே மூடித் தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டார்கள். குன்றையும் வெட்டி ரோடு போட்டார்கள். போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றால் பார்க்க அங்கே ஒன்றுமில்லை.

அண்ணி அதைப் பற்றி வாயே திறந்ததில்லை. ஒருநாள் மகள் வேலைக்குப் போயிருந்தபோது கடைக்குள் வந்து நின்றாள். அவர் ஒரு கீழ்த்தாடைக்கு மெழுகு உருக்கிக்கொண்டிருந்தார்.

"தம்பி, அதுக்கு முந்தின ராத்திரி பாப்பாவுக்குக் காதுவலி. விடாம அழுதா. எனக்கு முடியல. அவர் கையில குடுத்துட்டு நான் போய்ப் படுத்துட்டேன். வேலைக்குக் கெளம்புற வரைக்கும் அவர்தான் தோள்ல போட்டுக்கிட்டு நடந்திருக்கார். நான் தூங்கினேன் தம்பி. நல்லாத் தூங்கினேன்."

 மெழுகு பொங்கி வழிந்தது.

"கைகாட்டி குன்றுக்குப் பின்னாடி மறைஞ்சிருந்தா யாரு என்ன பண்ண முடியும். தெரிஞ்சிருந்தா..." அதற்கு மேல் அவள் போகவில்லை. "நீங்கதான் வாயெல்லாம் அச்செடுக்குறீங்களே. அந்த எடத்த ஒரு அச்செடுத்துக் காட்டுங்க. நான் கண்ணால பார்க்கணும்."

அன்றைக்கு ஆரம்பித்தது. நில அளவைக்காரர் ஒருவருக்கு மேல்செட்டு கட்டிக் கொடுத்து, அந்தப் பாதையின் பழைய வரைபடத்துக்கு ஒரு நகல் வாங்கிச் சுவரில் ஒட்டினார். கட்டிலைத் தூக்கிக் கூடத்தில் போட்டுவிட்டு, அறை முழுக்கப் பலகை அடித்தார். பல் அச்சுக்குக் குழைக்கிற பிளாஸ்டரில் குன்று எழுந்தது. தேய்ந்த பிரஷ்களின் நாரில் மரங்கள் முளைத்தன. தீக்குச்சிகள் தண்டவாளத்துக்குக் கட்டையாயின. மரத்துண்டில் ஒரு இன்ஜினும் இரண்டு பெட்டியும், ஸ்டேஷனில் நிற்க ஒரு சரக்கு வண்டியும் செதுக்கினார். ஈறு செய்யும் ரோஸ் கலவை மிச்சமிருந்தது, வீணாக்குவானேன் என்று பிளாட்பாரத்தை அதில் வார்த்தார்.

"சித்தப்பா, இந்த ஸ்டேஷன்ல எறங்குனா கடிக்குமா?"

"ஒன் வாய்க்கு ஒரு செட்டு வார்க்குறேன். பூட்டு வச்சு."

வரைபடத்தின்படி போட்டால் வளைவு அறைக்குள் அடங்கவில்லை. கதவோ உள்பக்கம் திறக்கிற கதவு. பலகையில் முட்டி, அரைச் சாணுக்கு மேல் திறக்க மறுத்தது. மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஸ்டேஷன் அறிவிப்பு கொடுத்தாள்: "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. சித்தப்பா உள்ளே மாட்டிக்கொண்டதால் இன்று காபி ஜன்னல் வழியாக வழங்கப்படும்." அவர் சிரித்துக்கொண்டே பலகையை அறுத்து, வளைவைக் குன்றை ஒட்டி இரண்டு சாண் உள்ளே மடக்கினார். கதவு மயிரிழையில் உரசாமல் திறந்தது. அதோடு அதை மறந்தும் போனார்.

கடைசியாகக் கைகாட்டி. செட்டுக்கு வளைக்கிற கம்பியில் செய்து, அதன் கைக்கு மகளின் நகப்பூச்சில் சிவப்புத் தீட்டினார். அண்ணி கண்ணாடி மாற்ற மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். "புதுக் கண்ணாடியோட வந்து பார்க்குறேன் தம்பி."

அவர்கள் போனதும் அவர் மண்டியிட்டு, மோவாயைப் பலகையில் வைத்து, கண்ணை இன்ஜினுக்கு நேராக இறக்கினார். விரலால் வண்டியைத் தள்ளினார். குன்று. இன்னும் குன்று. பிரஷ் மரங்கள். சரக்கு வண்டியின் வால் முன்னால் வந்து நின்ற பிறகுதான் சிவப்பு எட்டிப் பார்த்தது.

திரும்பத் திரும்பத் தள்ளிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் மறைத்தது. "அண்ணே, நீ தூங்கல" என்று பிளாட்பாரத்தைப் பார்த்துச் சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளைப் போனில் கூப்பிட்டார்.

"மறைக்குதும்மா. கடைசி வரைக்கும் மறைக்குது. அம்மாகிட்ட சொல்லிடு. சீக்கிரம் கூட்டிட்டு வா."

வாசலைத் திறந்து வைக்கலாம் என்று எழுந்து அறைக் கதவை இழுத்தார். கதவு, எப்போதும்போல, பலகையின் ஓரத்தை உரசாமல் திறந்தது. கைப்பிடியை விடாமல் அப்படியே நின்றார்.

பிறகு திருப்புளியை எடுத்துக் கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்தார். செட்டுக் கம்பி ஒன்றைச் சுவரில் இருந்த வரைபடத்தின்படி வளைத்தார். அது பலகையை விட்டு இறங்கி, நிலைப்படியைத் தாண்டிக் கூடத்துக்குள் போனது. கூடத்தில் ஒரு ஸ்டூல் போட்டு இன்ஜினை வைத்துக் கண்ணை இறக்கினார். கைகாட்டி முழுசாகத் தெரிந்தது. ஸ்டூலைப் பின்னால் நகர்த்தினார். தெரிந்தது. கட்டில் வரைக்கும் நகர்த்தினார். சிவப்பு அப்போதும் அங்கேயேதான் இருந்தது. விழித்திருக்கிறவன் நிதானமாக நிறுத்தியிருக்கலாம்.

வாசலில் ஆட்டோ நின்றது. கம்பியைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, இன்ஜினைப் பழைய வளைவில் வைத்தார். கதவை மாட்ட நேரமில்லை.

அண்ணி செருப்பைக் கழற்றியது ஒன்று வாசலிலும் ஒன்று கடையிலுமாகக் கிடந்தது. "எங்க தம்பி? எப்படிப் பார்க்கணும்?"

"குனியுங்க. இன்னும் கொஞ்சம். ஓட்டுறவர் கண்ணு இந்த ஒயரந்தான்."

அவள் கன்னத்தைப் பலகையில் சாய்த்தாள். அவர் வண்டியைத் தள்ளினார். 

"எங்க? தெரியலையே."

"இன்னும் போகணும் அண்ணி."

"இப்பவும் தெரியல." கொஞ்சம் கழித்து, "இதோ. இப்பத்தான்."

"இங்க வந்தப்புறம் பிரேக் போட்டாலும் நிக்காது." அது மட்டும் பொய்யில்லை.

அவள் தலையை எடுக்கவே இல்லை. கன்னத்தில், புல்லுக்காக அவர் தூவியிருந்த பச்சை மரத்தூள் ஒட்டியிருந்தது. "அப்ப அவர் முழிச்சுக்கிட்டுதான் இருந்திருக்கார்."

அவள் கேட்கவில்லை, அவர் பதில் சொல்ல வேண்டியதும் இல்லை. ஆனாலும் சொன்னார். "ஆமா அண்ணி."

அவள் எழுந்து, கூடத்தில் இருந்த அவர் கட்டிலிலேயே போய்ப் படுத்தாள்.

மகள் நிலைப்படியில் நின்றிருந்தாள். "கதவ ஏன் கழட்டுனீங்க?"

"பிடிச்சுக்குது. இழைக்கணும்."

அவள் சுவரில் இருந்த வரைபடத்தைப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள். சட்டைப்பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கம்பி முனையைப் பார்த்தாள். எதற்கும் ஒரு குரல் வைத்திருப்பவள், எந்தக் குரலும் எடுக்கவில்லை. கம்பி முனையைப் பைக்குள் அழுத்திவிட்டாள். கதவின் ஒரு பக்கத்தை அவள் பிடிக்க, அவர் திருகாணிகளை முடுக்கினார்.

முடித்துவிட்டு, பழக்கத்தில் அவர் கை இன்ஜினிடம் போயிற்று.

"அம்மா தூங்குறாங்க சித்தப்பா" என்றாள் அவள், மெதுவாக, தன் சொந்தக் குரலில். "வண்டிய ஓட்டாதீங்க."

அவர் கையை எடுத்துக்கொண்டார்.