சீனாவுக்காக நான் பேசிய நான்கு நிமிடம்

நான் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். தொண்ணூறுகளில் கனடாவின் ஸ்காபரோவில், வந்தவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் பகல் வகுப்பில் இரண்டு தடவை பேச்சுப் பரீட்சையில் தவறிவிட்டேன். அதில் தேறினால்தான் பிள்ளை பராமரிப்புப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம். மூன்றாவது தடவையும் தவறினால் தொழிற்சாலைக்கே போவது என்று முடிவு செய்திருந்தேன்.

அந்தத் தடவை ரீச்சர் விவாதம் வைத்தார். சீனாவின் வளர்ச்சி மக்களுக்கு நல்லதா? பக்கத்துக் கதிரையில் இருந்த சீனத்துப் பெண் ‘நல்லதில்லை’ என்று பேச வேண்டும், நான் ‘நல்லது’ என்று. ஆளுக்கு நான்கு நிமிடம். முடிவில் எதிராளியிடம் கேள்வி கேட்கலாம்.

வீட்டில் சொன்னதும் என் கணவர் பத்திரிகையை மடித்து வைத்தார். ஊரில் வாசிகசாலையில் அரசியல் பேசியே வளர்ந்தவர்.

“சீனாவோ? கொள்கையை வித்துப்போட்டு முதலாளிமாருக்குக் கதவு திறந்திட்டாங்கள். அதை நல்லதெண்டு நீர் எப்பிடிச் சொல்லுவீர்?”

“ரீச்சர் தந்த பக்கமப்பா. நான் கேட்டு வாங்கேல்லை.”

“அப்ப எழுதும்.”

அவர் சொல்லச் சொல்ல இரண்டு பக்கம் எழுதினேன். கடைசியில், “சபை வணக்கத்தை விட்டிடாதையும். அது இல்லாட்டி பேச்சே இல்லை” என்றார்.

மறுநாள் சீனத்துப் பெண் முதலில் பேசினாள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு உயரமான கட்டடம்தான் தெரிகிறது என்றாள். தகப்பனார் வேலை செய்த அரசாங்கத் தொழிற்சாலையை மூடிவிட்டார்களாம். தங்கை தெற்கே பிளாஸ்டிக் பூத் தொழிற்சாலையில் இருக்கிறாளாம். ஓர் அறையில் எட்டுப் பேர் படுக்கை. புத்தாண்டுக்கு மட்டும்தான் வீடு. சொல்லும்போது அவள் குரல் உடைந்தது.

என் முறை வந்தது. முதலில் பிள்ளையாரை வணங்கினேன். பிறகு மதிப்புக்குரிய தலைவர், நடுவர், சபையோர், எதிரணியிலிருக்கும் சகோதரி, என்னைப் பெற்ற தாய் தந்தையர், இடம் தந்த கனடா நாடு என்று ஒவ்வொருவருக்கும் ஆங்கிலத்தில் வணக்கம் சொல்லி நிமிர்ந்தால் ரீச்சர் இரண்டு விரலைக் காட்டுகிறார். பாதி நேரம் போய்விட்டது!

கைத்தாளில் இரண்டு பக்கமும் அப்படியே கிடந்தது. முருகா என்று தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

“எங்கள் வீட்டில் சுவாமி படத்துக்குப் பிளாஸ்டிக் மாலை போட்டிருக்கிறேன்” என்று தொடங்கினேன். “இந்தக் குளிரில் தினமும் பூ வாங்க முடியாது. மாலையின் பின்னால் சீனாவில் செய்தது என்று இருக்கிறது. ஊரில் எங்கள் வீட்டுக்குச் சீனாவிலிருந்து வந்தது ஒரு சுடுதண்ணீர்ப் போத்தல் மட்டும்தான். இன்றைக்குச் சுவாமிக்கு முன்னால் எரியும் சின்ன மின்விளக்கும் அங்கிருந்துதான் வருகிறது. அந்த மாலையை உங்கள் தங்கையே கட்டியிருக்கலாம். எட்டுப் பேரை ஓர் அறையில் அடைப்பது பிழை. அதை நானும் சொல்லுவேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். தங்கை அந்த வேலைக்குப் போவதற்கு முன் வீட்டில் என்ன சாப்பாடு?”

“வெறும் வற்றாளங்கிழங்குதான்” என்றாள்.

“இப்போது?”

“சோறு. கிழமையில் இரண்டு நாள் இறைச்சி.”

“வேலையை விட்டுத் திரும்பி வரச் சொன்னால் தங்கை வருவாளா?”

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். “வரமாட்டாள். அம்மாவுக்கு வீடு கட்டப் போகிறாளாம்.”

வகுப்பு கைதட்டியது. ரீச்சர் எங்கள் இருவருக்கும் தேர்ச்சி என்று எழுதினார். வெளியே வரும்போது அவள் என் தோளில் தட்டி, “என் தங்கையை வைத்தே என்னை வென்றுவிட்டாய்” என்றாள். அவளுக்குக் கோபமில்லை. இருவரும் பஸ் வரும்வரை சிரித்தோம்.

வீட்டில் இவர் வாசலிலேயே நின்றார். “சபை வணக்கம் சொன்னனீரோ?”

“ஓம். அதிலதான் பாதி நேரம் போச்சுது.”

“நான் சொல்லித் தந்தது?”

“ஒரு சொல்லும் சொல்லேல்லை. பாஸ்!”

“உம்மட வாய்க்கு நான் சொல்லித் தந்ததே பிழை” என்று சிரித்தபடி தேத்தண்ணி போடப் போனார்.

அந்த வெள்ளிக்கிழமை சுவாமி படத்துப் பிளாஸ்டிக் மாலையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் திரும்பப் போட்டேன். முகம் தெரியாத அந்தத் தங்கைக்குத் தனி அறை ஒன்று கிடைக்க வேண்டும் என்று கும்பிட்டேன். பிறகு பயிற்சி விண்ணப்பத்தின் மூலையில் சந்தனம் தொட்டு வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.