செவ்வாய்க்கிழமைக் கை

இரண்டு மாதம் முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஆபீசுக்குக் கிளம்பும் நேரத்தில் தங்கையிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ. அவளுடைய ஒன்பது மாதப் பையன் கவின் குப்புறப் படுத்திருக்கிறான். வெற்று முதுகில் சிவப்பாகத் தடித்த நான்கு கோடுகள் — யாரோ கை வைத்து அழுத்தியது போல.

கீழே ஒரே வரி: "அக்கா, இது மூணாவது செவ்வாய்க்கிழமை."



எட்டு வருடம் காத்திருந்து பெற்ற பிள்ளை. சிங்கப்பூர் ஆங் மோ கியோவில் பன்னிரண்டாவது மாடி வீடு. வீட்டில் தங்கை, அவள் கணவர், அவருடைய அம்மா — மூன்றே பேர். முதல் தடவை வெயில் கொப்புளம் என்று விட்டுவிட்டார்கள். இரண்டாவது தடவைக்குப் பிறகு தொட்டிலுக்கு மேல் கேமரா மாட்டினார்கள். திங்கட்கிழமை பதிவு முழுவதையும் ஓட்டிப் பார்த்தும் ஒன்றும் இல்லை. செவ்வாய் விடிந்தால் முதுகில் கை மட்டும் இருக்கிறது.

போதாக்குறைக்கு, தொட்டில் பக்கம் போனால் மல்லிகை வாசம் வருகிறது என்றார் தங்கையின் மாமியார். வீட்டில் யாரும் பூ வாங்கவில்லை. காரணமில்லாமல் பூ வாசம் அடித்தால் திரும்பிப் பார்க்காதே என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். யாருக்குத்தான் பயம் வராது?

அடுத்த ஞாயிறு வழக்கம்போலப் போனேன். நான் சிராங்கூனில் தனியாக இருக்கிறவள், நாற்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை என்பதெல்லாம் பழைய வாசகர்களுக்குத் தெரியும். ஞாயிறு மத்தியானம் கவினைத் தூங்க வைப்பது என் வேலை.

அன்று சுற்றிப் போட்டார்கள். தங்கை பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள, மாமியார் உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றினார். ஊர்க் கண், தெருக் கண் என்று வரிசையாகச் சொல்லி வந்தவர், உறவுக் கண் வந்தபோது குரலை இறக்கிக்கொண்டார். மிளகாயை நெருப்பில் போட்டார். கருகியது… ஆனால் நெடியே வரவில்லை. நெடி வராவிட்டால் கண் பட்டது உறுதியாம். பன்னிரண்டாம் மாடிக் காற்று என்று நானாகச் சொல்லிக்கொண்டேன்.

கை கழுவப் போனபோது சமையலறையிலிருந்து மாமியாரின் குரல் கேட்டது.

"கொஞ்ச நாளைக்கு அக்காவ பிள்ளைய தூக்க வேணாம்னு சொல்லும்மா. ஏக்கம் பொல்லாதது."

தங்கை பதில் சொல்லவில்லை. அதுதான் அதிகம் வலித்தது. தலைவலி என்று பொய் சொல்லிவிட்டு, பிள்ளையைத் தொடாமல் கிளம்பினேன்.

அந்தச் செவ்வாய் போட்டோ வரவில்லை.

முதுகு சுத்தமாக இருப்பதாகத் தங்கை மெசேஜ் போட்டாள். சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். ஆனால் நான் பிள்ளையைத் தொடாத வாரம் இது ஒன்றுதான். பழைய போட்டோவைத் திறந்து பெரிதாக்கினேன். நான்கு விரல்கள். கடைசி விரல் மட்டும் நுனியில் உள்பக்கமாக வளைந்திருந்தது.

பள்ளி நாளில் பஸ் கதவில் நசுங்கியதில் என் வலது சுண்டுவிரல் அப்படித்தான் வளைந்துபோனது.

கையைத் திரை ஓரமாக வைத்துப் பார்த்தேன். அதே வளைவு.

கவின் முதுகில் கை வைத்தால் ஐந்து நிமிஷத்தில் தூங்கிவிடுவான். தூங்கின பிறகும் கையை எடுக்க எனக்கு மனசு வராது. முக்கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வைத்த கை செவ்வாய்க்கிழமை எப்படித் தெரியும்? நடுவில் அது எங்கே போயிருந்தது?

கையை முகர்ந்தேன். மல்லிகை. ஒரு மாதம் முன்பு லிட்டில் இந்தியா கடையில் வாங்கி, மணிக்கொரு தரம் தடவிக்கொள்ளும் ஹேண்ட் க்ரீம்!

அப்பாடா, பேய் இல்லை, க்ரீம்தான். அதைக் குப்பையில் போட்டேன். மருந்துக்கடையில் வாசனையில்லாத டியூப் ஒன்று வாங்கி, மூக்கில் வைத்துப் பார்த்தேன். பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது. ஞாயிறு தைரியமாகப் போனேன். தங்கை பிள்ளையைக் கொடுத்தாள். மாமியார் எழுந்து உள்ளே போய்விட்டார்.

செவ்வாய் காலை போட்டோ வந்தது. நான்கு விரல்கள். வளைந்த சுண்டுவிரலோடு.

இந்தத் தடவை வாசமும் இல்லை. மிச்சம் இருந்தது நான் மட்டும்தான். மாமியார் சொன்னது நிஜம்தானோ? எனக்கு ஏக்கமே கிடையாது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். அன்று முழுக்க வலது கையை மேஜைக்கு அடியிலேயே வைத்திருந்தேன்.

மறுநாள் தங்கை பிள்ளையைப் பாலிகிளினிக்குக்குத் தூக்கிப் போனபோது நானும் போனேன். டாக்டரிடம் டியூபை நீட்டி, "இது என் கைதான்" என்றேன். தங்கை என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

டாக்டர் பிள்ளையின் முதுகையும் என் விரலையும் பார்த்தார். டியூபின் பின்பக்கத்தைப் படித்தார். க்ரீமில் சேர்க்கிற வாசனைப் பொருள் சிலருடைய தோலுக்கு ஆகாதாம். தொட்டவுடன் தெரியாது, ஓரிரு நாள் கழித்துத்தான் தடிக்குமாம். என் கையில் பூசியது பிள்ளை முதுகில் ஒட்டியிருக்கிறது. இதில்தான் வாசமே இல்லையே என்றேன். க்ரீமின் சொந்த நாற்றத்தை அமுக்குவதற்கென்றே சில கம்பெனிகள் வாசனைப் பொருள் சேர்க்கிறார்களாம். மூக்குக்குத் தெரியாது, தோலுக்குத் தெரியும். விரலை வைத்துக் காட்டினார் — பட்டியலின் கடைசியில், பொடி எழுத்தில் இருந்தது.

பூ வாசத்தோடு வருவதைப் பற்றித்தான் நம்மை எச்சரித்து வளர்த்தார்கள். வாசமே இல்லாமல் வருவதைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே!

லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சாரிக்கா. அன்னிக்கு அத்தை பேசினப்ப நான் வாயத் தொறந்திருக்கணும்."

அடுத்த ஞாயிறு கதவைத் திறந்தவர் மாமியார். மன்னிப்பெல்லாம் இல்லை. "கைய கழுவிட்டு வாம்மா, பிள்ளை முழிச்சிக்கிட்டு கெடக்கான்" என்றார். வெறும் தண்ணீரில் மூன்று தடவை கழுவினேன்.

அதற்குப் பிறகு நான்கு செவ்வாய்க்கிழமைகள் போய்விட்டன. கவின் முதுகில் ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை. அந்தப் போட்டோக்களை வைத்திருக்கக் கூடாது என்று மாமியார் சொல்ல, வீட்டில் எல்லோரும் அழித்துவிட்டார்கள். என்னிடமும் கேட்டார்கள். அழித்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.

அழிக்கவில்லை… அந்தப் பிள்ளையின் மேல் என் கை இருந்ததற்கு வேறு அடையாளம் ஏது?