குழியில் போட்ட உப்பு

சித்தூர் சுகாதார ஆபீசில் என்னோடு வேலை பார்த்த தெலுங்குக்காரர்களுக்கு நான் அரவவாடு, அதாவது தமிழ்க்காரன். மாமியார் ஊரிலோ நான் ஆந்திராக்காரன். ஆந்திரா தனி ராஜ்யமாகப் பிரிந்து, எந்த ஊர் எந்தப் பக்கம் என்று இழுபறி நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. சித்தூர் ஆந்திராவில் இருந்தது. என் மனைவி பிறந்த ஊர், சத்தியவேட்டுக்கும் வரதய்யபாளையத்துக்கும் நடுவே, அப்போது மெட்ராஸ் பக்கம். நானும் தமிழன்தான், வீட்டில் பேசுவதும் தமிழ்தான். இதை யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

நான் சானிட்டரி இன்ஸ்பெக்டர். தண்ணீர் எங்கே இருக்கிறது, அழுக்கு எங்கே இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் என்ன மண், என்ன கல் இருக்கிறது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. அதை நன்றாகவே பார்ப்பேன். அந்தக் கர்வம் எனக்கு அன்றும் உண்டு, இன்றும் உண்டு. ஆனால் எல்லைக்கு அந்தப்பக்கம் என் அதிகாரம் செல்லாது. அங்கே நான் வெறும் மாப்பிள்ளை. தலைவாழை இலை போடுவார்கள், பேச்சைக் கேட்க மாட்டார்கள்.

வளைகாப்பு முடிந்து என் மனைவியைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்துப் போயிருந்தார்கள். லீவு போட்டு, திருப்பதியில் பஸ் மாறி அவளைப் பார்க்கப் போனேன். தெருவில் நுழைந்ததுமே எதிர்வீட்டுக்காரர் தன் மனைவியை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். அவளும் பிள்ளைத்தாய்ச்சி. கண் இரண்டும் மஞ்சளாக இருந்தது. மெட்ராஸ் பெரியாஸ்பத்திரிக்குப் போகிறார்கள் என்றார்கள்.

"இன்னும் நாலு வூட்ல காமாலை இருக்குது மாப்ள. எல்லாம் வெயில் சூடு. கீழாநெல்லி அரைச்சுக் குட்த்தா சரியாப் பூடும்" என்றார் மாமியார்.

எனக்கு அது வெயில் சூடாகத் தோன்றவில்லை. தண்ணீரில் பரவும் காமாலை மற்றவர்களைப் படுக்கப்போட்டுவிட்டு எழுப்பிவிடும். கர்ப்பிணிகளை எழுப்பும் என்று சொல்ல முடியாது. என் மனைவி எட்டு மாத வயிற்றோடு, கிணற்றடியில் நின்று செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்துக்கொண்டிருந்தாள்.

அந்தத் தெருவே குடிப்பது மாமியார் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைத்தான். கற்கண்டுத் தண்ணீர் என்று பேர். அந்தக் கிணற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் மாமியாருக்குத் தன் வளர்ப்பைச் சொன்ன மாதிரி ரோஷம் வந்துவிடும்.

நான் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தேன். மேலே கொஞ்சம் செம்மண். அதற்குக் கீழே முழுக்க ஓட்டை ஓட்டையாகச் சொறிக்கல், வெந்த ஆப்பம் போல. மேட்டுப் பக்கத்துச் சுவரிலிருந்து நீர் கசிந்துகொண்டிருந்தது. மேட்டில் என்ன இருக்கிறது என்று திரும்பிப் பார்த்தேன். மாமனார் புதிதாகக் கட்டிய கக்கூஸ்.

"ரெண்டு ஆள் ஆழம் மாப்ள!" என்றார் மாமனார் பூரித்துப்போய். "ஆழமாப் போனா நாத்தம் இருக்காது. தெருவுல எல்லாரும் வந்து போறாங்க. வாயும் வயிறுமா இருக்கிற பொண்ணு இருட்டுல முள்ளுக்காட்டுக்குப் போவலாமா, சொல்லுங்க?"

அவர் ஆசையில் என்ன குற்றம்? மண் என்பது வடிகட்டி. மெதுவாக மண்ணில் இறங்கும் அழுக்கு வழியிலேயே மடிந்துபோகும். அவர் ஆழமாக வெட்டினதில் மண்ணைத் தாண்டிக் கல்லுக்கே போய்விட்டார். ஓட்டைக் கல்லில் எது வடிகட்டும்? குழியில் விழுந்தது நேரே கிணற்றுக்கு வந்து சேரும்.

இதை நான் சொன்னதும் மாமியார் எகிறிவிட்டார்.

"இன்னா பேச்சுப் பேசறீங்க மாப்ள! குழி எங்க இருக்குது, கெணறு எங்க இருக்குது? எங்க வூட்டுத் தண்ணிய பீத்தண்ணின்றீங்களே, வாய் கூசல?"

தண்ணீரைக் காய்ச்சிக் கொடுங்கள் என்றேன். என் கண்ணெதிரே காய்ச்சினார். நான் அந்தப்பக்கம் போனதும் என் மனைவி, "வெந்நி வாய்க்கு வெளங்கலங்க" என்று மறுபடி கிணற்றடிக்குப் போனாள். பிளீச்சிங் பவுடர் போடலாமா என்றேன். நாற்றம் பிடித்த பொடியைக் கிணற்றுப் பக்கம் கொண்டுவந்தால் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் மாமியார். எனக்கும் கோபம் தலைக்கேறியது.

"சரி அத்தை. குழியில உப்பு கொட்டறேன். அது உங்க கெணத்துக்கு வரலைன்னா நான் இனிமே வாயே தொறக்கமாட்டேன்."

"கொட்டுங்க! தாராளமா கொட்டுங்க! ஒரு கல்லு உப்பு வந்துச்சுன்னா நான் திருப்பதியில மொட்டை அடிச்சிக்கிறேன்!"

சத்தியவேட்டிலிருந்து ஒரு வண்டி உப்பு வந்தது. அதற்கு முன்பே சித்தூர் ஆஸ்பத்திரி கம்பவுண்டரிடம் ஆள் அனுப்பி, பிறந்த குழந்தையின் கண்ணில் விடுகிற சில்வர் நைட்ரேட் மருந்து ஒரு குப்பி வாங்கி வைத்திருந்தேன். தண்ணீரில் உப்பு இருந்தால் அது வெள்ளையாகத் திரியும். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டேன், லேசாக மங்கியது. ஒப்பிட்டுப் பார்க்க, குழித் தண்ணீர் எட்டாதபடி மேட்டுக்கு அந்தப்பக்கம் இருந்த மாந்தோப்புக் கிணற்றிலும் அதே அளவுதான். பிறகு மாமியார் இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க, உப்பையும் அண்டா அண்டாவாகத் தண்ணீரையும் குழியில் கொட்டினேன். குழியிலிருந்து கிணறு வரைக்கும் டேப் பிடித்துச் சரிவையும் அளந்தேன். அளந்தது வம்பாகிவிட்டது. எல்லை விஷயமாக யார் யாரோ வந்து எதை எதையோ அளந்துவிட்டுப் போன காலம் அது. தெருவில் யாரோ பார்த்துவிட்டார்கள்.

சில நாள் கழித்து ஒரு காலை, மாமனார் கூழை வாயில் வைத்தவர் தூவென்று துப்பினார்.

"இன்னாடி இது, உப்பை வாரிக் கொட்டிகினு கீற? மனுசன் துன்றதா வேணாமா?"

மாமியார் பானைத் தண்ணீரை ஒரு வாய் குடித்தார். அப்படியே என்னைப் பார்த்தார். நான் இரண்டு டம்ளரில் இரண்டு கிணற்றுத் தண்ணீரையும் எடுத்து மருந்தை விட்டேன். மாந்தோப்புத் தண்ணீர் முன்போலவே இருந்தது. எங்கள் தண்ணீர் மோராக வெளுத்தது. "ஐயோ" என்றாள் என் மனைவி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

அதற்குள் வாசலில் கூட்டம். தெருவில் எல்லா வீட்டுக் கூழும் கரித்திருக்கிறது. முன்னால் நின்றவர் எதிர்வீட்டுக்காரர், ஆஸ்பத்திரியில் இருந்த மனைவிக்குத் துணி எடுத்துப்போக மெட்ராஸிலிருந்து வந்தவர்.

"உங்க மாப்ள ஆந்திரா கவர்மெண்டு ஆளு! டேப்பு புடிச்சு அளந்தத கண்ணால பாத்தவங்க கீறாங்க. கெணத்துல உப்பைப் போட்டுட்டான். குடிக்கத் தண்ணி இல்லாத ஊருன்னு எழுதி, ஊரையே அந்தப்பக்கம் இஸ்துகினு போவத்தான் இந்த வேலை!"

எனக்குப் பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் பேச வேண்டியவன் நான் இல்லை. ஆமாம், மாப்பிள்ளைதான் போட்டார் என்று மாமியார் சொல்லிவிட்டால் போதும். மத்தியான பஸ்ஸில் நான் ஏறிவிடுவேன். கிணறு இறைத்ததும் தெளிந்துவிடும், குடும்ப மானமும் தப்பிக்கும். என் மனைவி மட்டும் அந்தத் தண்ணீரையே குடித்துக்கொண்டிருப்பாள்.

மாமியார் வாசற்படி இறங்கிப் போனார்.

"அவரு கெணத்துல போடல. எங்க வூட்டுக் கக்கூஸ் குழியில போட்டாரு. நான் பக்கத்துல நின்னுகினு போடச் சொன்னேன். குழியில போட்ட உப்பு உங்க வூட்டுக் கூழுக்கு வந்துச்சுன்னா, இத்தினி நாளா அந்தக் குழியிலேர்ந்து வேற இன்னா வந்துச்சுன்னு நீங்களே ரோசன பண்ணுங்க."

எதிர்வீட்டுக்காரர் மாமியாரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தன் வீட்டுக்குள் போய், நிறைகுடத்தை எடுத்துவந்து தெருவில் கவிழ்த்துவிட்டுப் போனார். மாமனார் இடிந்துபோய்த் தரையில் உட்கார்ந்துவிட்டார். "கக்கூஸ் கட்டினது தப்பில்ல மாமா. ஆழமும் இடமும்தான் தப்பு" என்று நான் சொன்னது அவர் காதில் ஏறியதா தெரியவில்லை.

மாமியார் திரும்பி வந்து, கிணற்று ராட்டினத்தைக் கயிற்றோடு கழற்றி என் காலடியில் வைத்தார். "சொல்லுங்க மாப்ள. இன்னா பண்ணணும்?"

சொன்னேன். எனக்குத் தெரியும், சொன்னேன். அந்தக் குழியை மூடினோம். சரிவுக்குக் கீழே, மண் கனமாக இருக்கும் இடத்தில் ஆழமில்லாத குழி வெட்டினோம். தெரு முழுக்க மாந்தோப்புக் கிணற்றுக்கு மாறியது. நான் லீவை நீட்டிக்கொண்டு, தினமும் காலையில் என் மனைவியின் கண்ணைத்தான் முதலில் பார்த்தேன். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. புதிதாக யாருக்கும் காமாலை வரவில்லை. பெண் குழந்தை பிறந்தது, நல்ல எடை.

குழந்தைக்கு முதல் மொட்டை போடத் திருப்பதிக்குக் கிளம்பியபோது எல்லையும் முடிவாகியிருந்தது. மாமியார் ஊர் ஆந்திராவுக்கு வந்துவிட்டது. "உப்பைப் போட்டே இஸ்துகினு வந்துட்டீங்களே மாப்ள!" என்று தெருவே கேலி பண்ணியது. நானும் சிரித்தேன்.

மலைமேல் குழந்தைக்கு முடி இறக்கியதும், மாமியார் அதே நாவிதர் முன் உட்கார்ந்துவிட்டார். வேண்டாம் என்று என் மனைவி அழுதாள். அவர் கேட்கவில்லை. சந்தனம் பூசிய தலையோடு வந்து நின்றவரைப் பார்த்து, எனக்கு இருந்த மிதப்பில், "பந்தயத்துல நான்தான் ஜெயிச்சேன், பாத்தீங்களா அத்தை" என்றேன்.

"பந்தயத்துக்குன்னு நெனச்சிக்கினீங்களா?" என்றார். "எதிர்வூட்டுப் பொண்ணு மெட்ராஸ்லேர்ந்து வெறும் மடியோட வந்தா மாப்ள. அவளுக்குத்தான் இது."

பிறகு என் கையிலிருந்த குழந்தையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.