மேல் தட்டு ஜப்பான் பெட்டி

ரேடியோக் கடையில் நின்றவர்களுக்குத் தெரியும்: சாமானை விற்பது பெரிய வேலையில்லை, விலையைச் சொன்ன பிறகு வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் வேலை.

எழுபதுகளின் கடைசியில் வெளிநாட்டுச் சாமான் தாராளமாக வரத் தொடங்கியதே, அதற்குப் பின்னால் நான் கல்முனைப் பிரதான வீதியில் ஒரு ரேடியோக் கடையில் சில வருஷம் நின்றேன். முதலாளியை ஊரே ஹாஜியார் என்றுதான் கூப்பிடும். தமிழோடு இங்கிலீஷும் படித்தவன் என்பதால், பெட்டியோடு வரும் விளக்கப் புத்தகத்தை வாசித்து வாடிக்கையாளருக்குத் தமிழில் சொல்வது என் பொறுப்பு. அந்தப் படிப்பே வினையாக வந்தது. கொழும்பிலிருந்து வந்த ஒரு விளம்பரத் தாளை வாசித்து மயங்கிப்போய், அசல் ஜப்பான் ‘டூ இன் வன்’ ஒன்றை எடுப்போம் என்று ஹாஜியாரின் காதைத் தின்றேன். ரேடியோவும் கசெட்டும் ஒன்றாக இருக்கும் பெட்டி. இரண்டு பக்கமும் ஸ்பீக்கர். சிங்கப்பூரில் பாகம் பூட்டி வந்த மலிவுப் பெட்டிகள் மூன்றை வாங்குகிற காசுக்கு இது ஒன்று.

வந்தது. கண்ணாடி அலுமாரியின் மேல் தட்டில் ஏறி உட்கார்ந்தது. பிறகு இறங்கவேயில்லை. கடையில் நின்ற உங்களுக்கும் இப்படி ஒரு சாமான் வாய்த்திருக்கும். எல்லாரும் தொட்டுப் பார்ப்பார்கள், விலை கேட்டதும் கையை உடுத்திய சாரத்தில் துடைத்துக்கொள்வார்கள். மாதங்கள் போயின. ஒருநாள் ஹாஜியார் அலுமாரியைத் திறந்து, தூசு தட்டி, திரும்பவும் பூட்டிவிட்டுச் சொன்னார்:

“ஹஜ்ஜுப் பெருநாளைக்குள்ள இது போகணும். போகாட்டி, இதும் நீயும் ஒரே பஸ்ஸில கொழும்புக்குப் போங்க.”

தறிக்கு மேலே

முதலில் அகப்பட்டவர் மருதமுனை நெசவுக்காரர் ஒருவர். தறியில் இருக்கும்போது பாட்டுக் கேட்க ஒரு பெட்டி வேண்டும் என்று வந்தார். நான் ஜப்பான் பெட்டியை இறக்கி, பாட்டைப் போட்டு, வயலினையும் தபேலாவையும் வேறுவேறாகக் கேட்கலாம் என்று விளங்கப்படுத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு மேசையில் கிடந்த, அளக்கிற அடிமட்டத்தை என் கையில் தந்து, மேசையில் அடிக்கச் சொன்னார். தறி அடிக்கிற மாதிரி, விடாமல்.

நான் அடித்தேன். பின்னறையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த ஹாஜியார் எழும்பி வந்து, யாரும் கடையை உடைக்கவில்லை என்று கண்டு திரும்பிப் போனார். அந்தச் சத்தத்துக்குள் ஜப்பான் பெட்டி இனிமையாகப் பாடிக்கொண்டிருந்தது. பாடுவது எங்கள் இருவருக்கும் கேட்கவில்லை. அடுத்தது மலிவுப் பெட்டியைப் போட்டோம். அது தகரத்தில் மழை கொட்டுவதுபோலக் கத்தியது. ஒரு சொல் விடாமல் கேட்டது. அவர் அதைத் தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மற்றதை இரக்கத்தோடு பார்த்தார்.

“இது மரியாதையாப் பாடுது தம்பி. என்ட தறிக்கு மரியாதை தெரியா. எனக்குச் சண்டைக்கு நிக்கிற பொட்டிதான் சரி.”

கடலுக்குப் போகாத சாமான்

சாய்ந்தமருதிலிருந்து வந்த மீன்காரர் காசோடுதான் வந்தார். அந்தக் கிழமை கடல் நன்றாகக் கொடுத்திருந்தது. ஜப்பான் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், குமிழ்களைத் திருகினார், கைபிடியைப் பிடித்துத் தூக்கிப் பாரம் பார்த்தார். விலைக்கும் முகம் மாறவில்லை. விற்றாயிற்று என்று நான் கயிறு தேடத் தொடங்கிவிட்டேன். அப்போதுதான், தோணியில் கொண்டுபோனால் உப்புத் தண்ணீர் படுமே என்று கேட்டார். படக்கூடாது என்றேன். வெயில்? அதுவும் நல்லதில்லை. மீன் கை? நான் கயிறு தேடுவதை விட்டேன்.

அவர் பெட்டியை மெதுவாக, தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவதுபோல மேசையில் வைத்தார். பிறகு கீழ்த் தட்டிலிருந்த கைக்கடக்கமான ரேடியோவைக் காட்டினார்.

“இது தோணிக்குள்ள இரிந்தா நான் வலையைப் பாக்கிறதா, இதைப் பாக்கிறதா? கடல்ல விழுந்தாலும் மனசு நோகாத சாமானாத் தாங்க மனே.”

கொழும்புப் பாங்கு

நோன்பு மாதம் வந்தது. ஊர்த் தலைமைக்காரராக இருந்து ஓய்வுபெற்ற விதானையார் ஒருவர், பெட்டியை ஒருநாள் வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வேன் என்றார். அந்தக் காலத்தில் அப்படிக் கொடுப்பதுண்டு. வீட்டுக்குப் போன பெட்டி திரும்பி வருவது அபூர்வம்; பெண்டுகளும் பிள்ளைகளும் விடமாட்டார்கள். நானே கொண்டுபோய், மாலைக்குள் ஏரியலை நீட்டி, கொழும்பு நிலையத்தைத் துல்லியமாகப் பிடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

கொழும்பில் சூரியன் நமக்குப் பிறகுதான் மறையும் என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நோன்பு திறப்பது பக்கத்துப் பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் பாங்குக்கு. ஆனால் அன்று விதானையார் பெட்டியைக் கூட்டி வைத்திருந்த சத்தத்தில் பக்கத்துப் பள்ளியின் பாங்கு வீட்டுக்குள் வரவேயில்லை. கஞ்சிக் கோப்பையும் பேரீச்சம்பழமும் முன்னால். ரேடியோவில் மார்க்கச் சொற்பொழிவு, தெளிவாக, பக்கத்தில் இருந்து பேசுவதுபோல. இவர்கள் குந்திக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் கொழும்புப் பாங்கு கேட்டு நோன்பு திறக்கும்போது, அடுத்த வீட்டுக்காரர் தொழுதுவிட்டே வந்து, இங்கே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்தாராம். அடுத்த நாள் காலை கடை திறக்கு முன்னமே பெட்டி வாசலில் நின்றது, விதானையாரோடு.

“பொட்டியில ஒரு குறையும் இல்ல தம்பி. ஆனா வீட்டுல கேக்கிறா, நோன்பு நமக்கா ரேடியோவுக்கா எண்டு.”

இழுபட்ட குரல்

நோன்புப் பெருநாள் போனது. ஹஜ்ஜுக்கு இன்னும் இரண்டு மாதம்தான். நான் பஸ்ஸைப் பற்றி யோசிக்கத் தொடங்கியிருந்தேன்.

அப்படி ஒரு நாளில்தான், அக்கா முறையில் நான் ராத்தா என்று கூப்பிடும் கல்முனைக்குடி சுபைதா தன் மாமியாரோடு கடைக்கு வந்தா. புருஷன் சவூதியில் லொறி ஓட்டினார். டெலிபோன் வசதி இல்லாத வீடு. அதனால் குரலே கடிதம். அவர் கசெட்டில் பேசி ஊருக்கு வரும் ஆட்களிடம் கொடுத்துவிடுவார். ராத்தா கேட்டு முடித்து, அதே கசெட்டில் பதிலைப் பதிந்து, போகிற ஆட்களிடம் கொடுத்துவிடுவா. இப்படி ஒரே கசெட் கடல் தாண்டிப் போய்ப் போய் வரும். ராத்தாவிடம் இருந்தது நம்முடைய கடையில் வாங்கிய சிங்கப்பூர்ப் பெட்டிதான்.

அவ கேட்டது ஒரு சின்ன உதவி. மேல் தட்டுப் பெட்டியில் கொஞ்சம் பேசிப் பதிந்துகொள்ளலாமா? காரணத்தையும் சொன்னா. புருஷனுக்கு ஏதோ வருத்தம், பெரிய நோய்தான். கசெட் வரும் ஒவ்வொரு முறையும் குரல் முன்னையதைவிடத் தளர்ந்து வருகிறது. இப்போது பாதி நித்திரையில் பேசுவதுபோல இழுபடுகிறது. அந்தக் குரலோடு பாலைவனத்தில் லொறி ஓட்டுகிறார். என்ன வருத்தம் என்று கேட்டால், தனக்கு ஒன்றுமில்லை என்று அதே செத்த குரலில் பதில் சொல்கிறார். யார் நம்புவது? மாமியார் நேர்ச்சை வைத்து, யாஸீன் ஓதி, கோழியும் அறுத்தாயிற்று. இதற்கிடையில் அவரும், ஏன் இப்படிக் கோபமாகப் பொரிந்து தள்ளுகிறாய், நான் என்ன பிழை செய்தேன் என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார். ராத்தா கோபமாகப் பேசியதே கிடையாது. மூளையையும் தாக்கிவிட்டது என்று மாமியார் முடிவு கட்டிவிட்டா. ஆகவே, நல்ல பெட்டியில் தெளிவாகச் சொல்லி அனுப்ப வேண்டும்: வேலையை விட்டுவிட்டு உடனே ஊருக்கு வாங்க. கட்டி முடியாத வீட்டைப் பிறகு பார்ப்போம். சவூதிக்குப் போகிற ஆள் அடுத்த நாள் புறப்படுகிறார்.

கசெட்டை வாங்கி ஜப்பான் பெட்டியில் போட்டேன். பதிய முன்னம் தொடக்கம் எங்கே என்று பார்க்க ஓடவிட்டேன். உள்ளேயிருந்து ஒரு மனிதர் கணீரென்று ஸலாம் சொல்லி, ஒரு பகிடி விட்டு, தானே சிரித்தார்.

ராத்தா மேசையைப் பிடித்துக்கொண்டா.

“இது அவர்ர சத்தம்தான். சுகமா இரிந்த காலத்துச் சத்தம்.”

மாமியாருக்கும் அந்த வருத்தம்

எனக்கு விஷயம் பிடிபட்டது. இவர்களுடைய பெட்டி மெதுவாகச் சுற்றுகிறது. மெதுவாகச் சுற்றும் பெட்டியில் அவர் பேச்சு இழுபடும்; அதே பெட்டியில் இவ பதிந்து அனுப்பினால், அங்கே சரியான வேகத்தில் ஓடும்போது பேச்சுக் கிறீச்சென்று பறக்கும். ஒருவருக்கு வருத்தம், மற்றவருக்குக் கோபம். இரண்டும் ஒரே பெட்டி செய்த வேலை. பழைய கசெட் ஒன்று வீட்டில் இருந்திருந்தால் அதுவும் இழுபடுவது தெரிந்திருக்கும். ஆனால் இருந்தது ஒன்றுதான், அதையும் அழித்து அழித்துப் பேசினார்கள். அதைவிட்டால், குர்ஆன் ஓதிப் பதிந்த ஒரு கிராஅத் கசெட். அது நீட்டி ஓதுவதுதானே என்று யாருக்கும் ஐயம் வரவில்லை.

இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல, மாமியார் தலையை ஆட்டி மறுத்தா. விலை கூடிய மெசின் எதையும் அழகாகத்தான் காட்டும், ஸ்டூடியோக்காரன் படத்தில் முகத்தைத் தடவிக் கொடுக்கிற மாதிரி. ஏழைப் பெட்டிக்குத்தான் பொய் சொல்லத் தெரியாது என்பது அவவின் கட்சி. ராத்தா இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தா. யார் சொல்வதை நம்புகிறாவோ அதைப் பொறுத்து ஒரு மனிதர் வீணாக வேலையை விடுவார், அல்லது உண்மையிலேயே வருத்தத்தோடு பாலைவனத்தில் லொறி ஓட்டுவார். நான் படித்த இங்கிலீஷ் புத்தகத்தில் இதற்கு ஒரு பக்கமும் இல்லை.

கடைசியில் சைக்கிளில் போய் அவர்களுடைய பெட்டியை எடுத்து வந்தேன். புதுக் கசெட் ஒன்றைப் போட்டு, மாமியாரை ஜப்பான் பெட்டிக்கு முன்னால் இருத்தி, எதையாவது சொல்லுங்க என்றேன். அவ என்னைப் பற்றியே நாலு வார்த்தை சொன்னா, நல்லதாக ஒன்றுமில்லை. அதை ஜப்பான் பெட்டியில் போட்டேன். தன் குரல்தான் என்று ஒத்துக்கொண்டா. அதே கசெட்டை அவர்களுடைய பெட்டியில் போட்டேன். அதற்குள்ளிருந்து ஒரு நோயாளி, நாலு நாள் சோறு காணாத மாதிரி, அதே நாலு வார்த்தையால் என்னை இழுத்து இழுத்து ஏசினார்.

மாமியார் கடைசி வரை கேட்டா. பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ராத்தாவைப் பார்த்தா.

“அப்ப எனக்கும் அந்த வருத்தம்தான் புள்ள. கோழியை எனக்கு அறுத்திரிக்கலாம்.”

ரப்பர் வளையம்

ராத்தா அன்று பதிந்தது வேறு பேச்சு. பதியும்போது நான் வெளியே போய் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே சிரிப்புக் கேட்டது. அழுகையும் கேட்டமாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு அவர்களுடைய பெட்டியின் முதுகைத் திறந்தேன். மோட்டரிலிருந்து சக்கரத்துக்குப் போகும் ரப்பர் வளையம் தொய்ந்து கிடந்தது. புதியது போட்டதும் பெட்டி ஜப்பான்காரனைப்போலவே பேசியது. அவர்கள் சந்தோஷமாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஜப்பான்காரன் மேல் தட்டுக்கே திரும்பினான். முழுவதையும் பின்னறையிலிருந்து பார்த்த ஹாஜியார் மெல்ல வெளியே வந்தார்.

“பொட்டி விக்க ஒருவனை வெச்சா, அவன் ரப்பர் விக்கிறான்.”

ஒன்று பொய் சொன்னால்

இரண்டு கிழமைக்குப் பிறகு ராத்தா தனியாக வந்தா. பெட்டி பிழையா என்று பயந்துபோய்க் கேட்டேன். இல்லையாம், நன்றாக ஓடுகிறதாம். மேல் தட்டைக் காட்டினா. கையில் எப்போதும் கிடக்கும் தங்கக் காப்பு அன்று இல்லை.

ஹாஜியார் பின்னால் இருப்பதை மறந்து, உள்ளதைச் சொன்னேன்: பழையது இப்போது சரிதானே, இது இந்த விலை பெறும் என்று உங்களுக்குச் சொல்ல எனக்கு மனமில்லை, பிறகு, இதற்குள்ளேயும் சுற்றுவது ரப்பர்தான், இதுவும் ஒருநாள் தொய்யும். பின்னறையில் கதிரை நகரும் சத்தம் கேட்டது. ராத்தாவுக்குச் சிரிப்பு வந்தது. இன்னொரு நாள் அவருடைய குரல் இழுபட்டால், அது அவருக்கா ரப்பருக்கா என்று தெரியாமல் இரவெல்லாம் கிடக்க இனி ஏலாது என்றா.

“ரெண்டும் ஒரே நாள்ல தொய்யாதுதானே தம்பி. ஒண்டு பொய் சொன்னா மற்றதைக் கேப்பன்.”

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நான் ஊரிலேயே இருந்தேன்.

இப்போது

பின்னால் நானும் வளைகுடாவுக்குப் போய், மேல் தட்டுச் சாமான்களே நிறைந்த கடைகளில் நின்று, தலை நரைத்துத்தான் ஊருக்குத் திரும்பினேன். பழைய கடை இருந்த இடத்தில் இப்போது கைபேசி விற்கிறார்கள். போன மாதம் கல்முனைக்குடிப் பக்கம் போனபோது ராத்தா வீட்டில் ஏறினேன். வீடு எப்போதோ கட்டி முடிந்துவிட்டது. அலுமாரிக்கு மேலே, பின்னல் துணி மூடியபடி, இரண்டு பெட்டிகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. லொறி ஓட்டியவர் சாய்மனைக் கதிரையிலிருந்து எழும்பி என் கையைப் பிடித்துக்கொண்டார். கசெட்டில் கேட்ட அதே கணீர்க் குரல். பெட்டிகள் இன்னும் வேலை செய்கின்றனவா என்று கேட்டேன். தேநீர் கொண்டுவந்த ராத்தா முந்திக்கொண்டா.

“இவர் வந்த நாளில இருந்து அதுகளைப் போடல்ல. இவரை நிப்பாட்டத்தான் குமிழ் தேடுறன்.”

விலை கூடிய சாமான் அந்த விலை பெறுமா என்று யாராவது கேட்டால், அதற்குள்ளிருந்து யாருடைய குரல் வரப்போகிறது என்று நான் இன்றைக்கும் திருப்பிக் கேட்கிறேன். வியாபாரத்தில் நான் உருப்படாமல் போனதற்கும் அதுதான் காரணமாக இருக்கும்.