ஐம்பத்து மூன்று பேருக்காக ஒரு பூசை

ஞாயிற்றுக்கிழமையில் மைதானத்துக்குப் போகிறவன் கோவிலுக்குப் போகமாட்டான் என்றுதான் எங்கள் வீட்டில் நம்பினோம். அடையாற்றில், பங்குக் கோவிலின் மணியோசை கேட்கும் தூரத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். ஞாயிறு என்றால் காலைப் பூசை. கறிக்கடையும் உறவினர் வீடும் அதற்குப் பிறகுதான். அமெரிக்காவுக்கு வேலைக்குப் போன என் தம்பி, அந்த ஊர் அணியின் ஆட்டங்களுக்கு சீசன் டிக்கெட் வாங்கியிருக்கிறான் என்று தெரிந்தபோது அம்மா ஒரு வாரம் அவனோடு சரியாகப் பேசவில்லை. தலைக்கவசம் அணிந்த ஆட்கள் முட்டை வடிவப் பந்துக்காக ஒருவர்மேல் ஒருவர் விழும் அமெரிக்கக் கால்பந்து அது.

உண்மை வேறு. அவனும் அவன் மனைவியும் முதற்பூசையை முடித்துக்கொண்டே மைதானத்துக்குப் போனார்கள். அந்த இரண்டு இருக்கைகளுக்காக காத்திருப்போர் பட்டியலில் ஒன்பது ஆண்டுகள் இருந்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் சீசனுக்குப் பல மாதங்கள் முன்பே புதுப்பித்துவிட வேண்டும். தவறினால் இடம் அடுத்தவருக்குப் போகும். மீண்டும் வேண்டுமென்றால் வரிசையின் கடைசியில்தான் நிற்க வேண்டும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் தம்பியின் மனைவி இறந்தாள். அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. அடுத்த தவக்காலத்தில் ஒரு நாள், இம்முறை புதுப்பிக்கப்போவதில்லை என்று அவன் தொலைபேசியில் சொன்னான். அணி தோற்றுக்கொண்டே இருக்கிறது, குளிரில் உட்கார்ந்து அதை ஏன் பார்க்க வேண்டும் என்றான். கெடு முடிய மூன்று வாரங்கள் இருந்தன. அலுவலகத்தை விட்டால் அவன் வெளியே செல்லும் ஒரே இடம் அந்த மைதானம் என்பது அம்மாவுக்குத் தெரியும். அதையும் விட்டால் அவன் நான்கு சுவர்களுக்குள் முடங்கிவிடுவான் என்று அவள் அஞ்சினாள். விடக் கூடாது என்று தீர்மானித்தாள்.

அம்மா முப்பது ஆண்டுகள் பள்ளியில் வரலாறு கற்பித்தவள். வாதிடப் போகும் முன் பாடத்தைப் படித்துவிடுவது அவள் வழக்கம். மதிய உணவுக்குப் பின் நான் அந்த அணியின் வரலாற்றைக் கைப்பேசியில் தேடிப் படித்துத் தமிழில் சொல்வேன். அவள் கண்களை மூடிக் கேட்பாள். சொந்த மைதானமின்றிக் கல்லூரி மைதானத்தில் ஆடிய தொடக்க ஆண்டுகள், அணியை வேறு நகருக்குக் கொண்டுபோக முயன்ற உரிமையாளர், பனியில் ஊர்வலம் போய் அதைத் தடுத்த மக்கள், கடைசி நிமிடத்தில் கைநழுவிய கோப்பை. இத்தனை தோல்விக்குப் பிறகும் மக்கள் விடவில்லையே என்பது மட்டுமே அவள் சொன்ன கருத்து.

ஓர் அணிக்கு ஐம்பத்து மூன்று வீரர்கள் என்று நான் படித்துச் சொன்ன மறுநாள், அவள் பங்கு அலுவலகத்துக்குப் போய் ஞாயிறு பூசையை எதற்காக ஒப்புக்கொடுக்க வேண்டும் என்ற கருத்தை எழுதிக் கொடுத்தாள். என்னிடம் சொல்லவில்லை. பூசையின் தொடக்கத்தில் சாமியார் வாசித்தார்: "அமெரிக்காவில் துன்புறும் ஐம்பத்து மூன்று சகோதரர்கள் மீண்டெழ வேண்டுமென்று." விளையாட்டுக்காக என்றால் சாமியார் ஏற்கமாட்டார் என்று எண்ணி அவள் அதை மட்டும் எழுதாமல் விட்டிருந்தாள்.

அமெரிக்காவிலிருந்து இந்தியர்களைப் பிடித்துத் திருப்பியனுப்பும் செய்திகள் நாள்தோறும் வந்துகொண்டிருந்த காலம் அது. பூசை முடிந்ததும் வாசலில் எங்களைச் சூழ்ந்துகொண்டார்கள். பாடகர் குழுவில் ஒருவர், தமக்குத் தெரிந்த வழக்கறிஞரிடம் பேசுவதாகச் சொன்னார். ஊரூர் குப்பத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அம்மாள் என் தாயின் கையைப் பற்றிக்கொண்டாள்.

"இன்னா டீச்சர், அம்பத்திமூணு பேரும் நம்ம பசங்களா? சோறு கீறு ஒயுங்கா குடுக்கறானுங்களா?"

"நல்லாவே சாப்பிடுறாங்க," என்றாள் அம்மா. "பாதிப் பேர் நூறு கிலோவுக்கு மேல."

அன்று மாலை இதைத் தம்பியிடம் சொன்னேன். அவன் சிரித்தான். மனைவி போனபின் அவன் சிரித்து நாங்கள் கேட்டதில்லை. சிரித்து முடித்த பிறகு, தோல்வி ஒரு காரணமே அல்ல என்றான்; அவர்கள் இருவரும் போன காலமெல்லாம் அந்த அணி தோற்றுக்கொண்டுதான் இருந்தது. பக்கத்து இருக்கையைத்தான் அவனால் பார்க்க முடியவில்லை.

அம்மா என்னிடமிருந்து கைப்பேசியை வாங்கினாள்.

"அப்பா போனப்புறம் நான் கோவில்ல பெஞ்சை மாத்திக்கலைடா. ஒரு வருஷம் அவர் இடத்துல யாரும் உட்காரலை. மரியாதையா விட்டுட்டாங்க. அதுதான் கஷ்டமா இருந்துச்சு. அப்புறம் புதுசா குடிவந்த ஒருத்தர் தெரியாம வந்து உட்கார்ந்தார். நான் பாட்டுப் புத்தகத்தை அவர் பக்கம் நகர்த்தினேன். ரெண்டு இடத்தையும் எடு, தம்பி."

"என்னால முடியுமான்னு தெரியலைம்மா."

"முதல் நாள் முடியாது. போயிட்டு வா."

அடுத்த ஞாயிறும் அவள் அதையே சொன்னாள். குரலை உயர்த்தவில்லை, கெஞ்சவும் இல்லை. கெடு முடியும் நாளன்று, இரண்டு இடங்களையும் புதுப்பித்ததற்கான சீட்டை அவன் படமாக அனுப்பினான். அதைப் பெரிதாக்கச் சொல்லி, இருக்கை எண்கள் இரண்டும் அடுத்தடுத்து இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே அம்மா கைப்பேசியைத் திருப்பித் தந்தாள்.

அந்த சீசனிலும் அணி தேறவில்லை. முதல் இரண்டு ஆட்டங்களுக்கு அவன் தனியே போனான். மூன்றாவது ஆட்டத்துக்கு, எதிர்வீட்டில் தனியாக வாழும் முதியவர் ஒருவரை அழைத்துப் போனான்.

அந்த ஐப்பசியில் அம்மா இறந்தாள். அடக்கத்துக்கு வந்தவன் பத்து நாள் இருந்துவிட்டுத் திரும்பினான். வரும் சீசனுக்கான கடிதம் வந்த அன்றே புதுப்பித்துவிட்டதாக எழுதியிருந்தான். அவனிடம் யாரும் கேட்கவில்லை. அப்பா, அம்மா, நாங்கள் இருவர் என்று நால்வராக இருந்த குடும்பம் எங்களுடையது. இப்போது நானும் தம்பியும் இருக்கிறோம்.